பச்சை என்று சொன்னேன்

“பதினாலுடா அது.”

“பதினஞ்சுக்கா. கையிலே வெச்சுண்டுதானே சொல்றேன், பழைய வளையம் இதோ—”

“பழைய வளையத்தை ஏன்டா அளக்கறே? அது எண்ணெயைக் குடிச்சு ஊதிக் கிடக்கு. அது உக்காந்திருந்த பள்ளத்தை அள.”

“பள்ளத்துக்குள்ளே எப்படிக்கா, வெர்னியர் மூக்கு போகவே—”

“போகும். உனக்குத்தான் பொறுமை போகாது. குடு இப்படி.”

“தொடாதேக்கா, க்ரீஸ். அப்புறம் அந்தக் கையோட தளிகைக்குப் போய்—”

“முப்பத்தோரு வருஷம் இந்தக் க்ரீஸ் கையாலேதான் உனக்குச் சாதம் போட்டேன். குடு.”

பதினாலுதான். வெர்னியர் அளவுகோலின் மெல்லிய மூக்கைப் பள்ளத்தில் விட்டு, அளவை அவனையே படிக்கச் சொன்னேன். “ஸ்டோர்ஸ் சூப்பரின்டென்டென்ட் அம்மா சொன்னா அப்பீலே கிடையாது,” என்று ஒரு கும்பிடு போட்டான் என் தம்பி பட்டாபி.

எங்கள் வீட்டில் முக்கால்வாசி நாள் இப்படித்தான் ஆரம்பிக்கும், வக்கீலம்மா. மாடியில் குடியிருக்கும் வங்காளி மாஷிமா வெகுநாள் வரை நாங்கள் ஒருத்தரையொருத்தர் வைதுகொள்கிறோம் என்றே நினைத்திருந்தாள். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, “தீதி, வயசான தம்பியை இப்படித் திட்டலாமா?” என்று கேட்டாள். திட்டவில்லை, ரப்பர் வளையம் அளக்கிறோம் என்று சொன்னேன். நம்பினாளோ இல்லையோ.

இந்தப் பேச்சு போன டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை நடந்தது. அந்த மார்க்கரில் போட்ட வளையங்கள் பதினொன்றும் சரியானவை. யார் பிரித்துப் பார்த்தாலும் அதில் குறை சொல்ல முடியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இந்த ஊர்க் கோர்ட்டில் தமிழ் தெரிந்த வக்கீல் கிடைப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வங்காளத்திலும் சொல்லுவேன். ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பதை அவரவர் வாயில் வந்தபடி சொல்ல எனக்குத் தமிழில்தான் முடியும். கொஞ்சம் அசதியாக இருக்கிறது. நடுவில் நிறுத்தினால் மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம்.

மார்க்கர் என்றால் என்னவென்று ஸ்டேஷனில் எஸ்.ஐ.க்கும் நான்தான் விளக்கினேன். பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும், விளையாட்டுச் சாமான். அழுத்திய காற்றால் சாய உருண்டையைத் தள்ளும். உருண்டை மேலே பட்டு உடைந்து சாயம் தெறித்தால் அந்த ஆள் ஆட்டத்திலிருந்து வெளியே. பிக்னிக் சீசன் வந்தால் ஆபீஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் மேலதிகாரியைச் சாயத்தால் அடித்துவிட்டு வருகிறார்கள். அதற்குத்தான் இத்தனை கூத்து.

இதற்கு உதிரி பாகம் என்று கடையில் போய்க் கேட்டு வாங்க முடியாது. வேறு ஊர்களில் மூடிப்போன மைதானங்களின் சரக்கு மூட்டையாக வரும். பேர் இருக்காது, நம்பர் இருக்காது. ஒரே பேருள்ள மார்க்கரில் முதல் வருஷம் வந்ததற்கு ஒரு மரை, மூன்றாம் வருஷம் வந்ததற்கு வேறு மரை. குழாயைத் திருகினால் இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும், மூன்றாவதில் கடிக்கும். அங்கே பலவந்தம் பண்ணினால் சாமான் போச்சு. எது எதற்குச் சேரும் என்று மூட்டையைத் தரையில் கொட்டிப் பிரிப்பது என் வேலை. தேயிலைத் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்த ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே இது எந்த மரை என்று சொல்லுவேன். பட்டாபி விளையாட்டுச் சாமான் கடையில் ஏர்கன் ரிப்பேர் பார்த்தவன். நான் ரிடையர் ஆனதும் கரியாஹாட் சந்தையின் பின்சந்தில், வீட்டின் முன்னறையையே பட்டறையாக்கிக்கொண்டோம். எட்டு வருஷமாகிறது.

அவனுக்குக் கை. எனக்குக் கண். அப்படித்தான் வேலை நடந்தது.

சும்மா சொல்லவில்லை. பட்டாபிக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒன்று. “ரெண்டும் வெந்த சேப்பங்கிழங்கு கலர்தான்க்கா” என்பான். அம்மா போனபோது அவனுக்குப் பதிமூன்று, எனக்கு இருபத்திரண்டு. அன்றிலிருந்து அவன் சட்டையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். பட்டறையிலும் அதே வழக்கம். வலது கையில் வேலை நடக்கும். இடது கையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டுவான். நான் சாமானை வைப்பேன். “என்ன?” என்பான். சொல்லுவேன். மாட்டுவான். ஒரு தடவைகூட இரண்டாம் தரம் கேட்டதில்லை.

நான் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. எல்லாரும் கேட்பார்கள். அவனுக்கு மூன்று வரன்கள் வந்தன. மூன்றையும் நான்தான் போய்ப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தாததைப் பொருந்தும் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கவிதா இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தாள். அவளுடைய அப்பா லேக் மார்க்கெட் பக்கம் முறுக்கு, மிக்சர் கடை வைத்திருந்தவர். புருஷன் தவறிவிட்டார். சாந்த்ராகாச்சிக்கு அப்பால் ஒரு பழைய செங்கல் சூளை நிலத்தை எடுத்து மைதானமாக்கியிருந்தாள். நாற்பத்தெட்டு வயது. எங்கள் மனுஷாள் இல்லை. அதையெல்லாம் நான் பார்க்கிறவள் இல்லை. அவள் வந்து போனால் டம்ளரைத் தனியாக வைப்பேன், அவ்வளவுதான், சாயம் ஒட்டியிருக்கும்.

முதல் நாளே வாசலில் நின்று, “பட்டாபிதா இருக்காங்களா?” என்றாள். வங்காளிப் பழக்கம். ‘தா’ என்றால் அண்ணா. எனக்கு அது பிடித்தது. அண்ணா என்று கூப்பிடுகிறவள் வந்து போனால் என்ன?

ஒன்றரை வருஷம் பட்டாபிதா. “பட்டாபிதா, இந்தச் சனியன் காத்து விடுது பாருங்க.” “பட்டாபிதா, நாலு மார்க்கர் கொண்டாந்திருக்கேன், திட்டாதீங்க.” இவன், “திட்டறதுக்கு எங்காத்துலே தனியா ஆள் இருக்கா” என்று என்னைக் காட்டுவான். மூவரும் சிரிப்போம்.

போன துர்கா பூஜை கழிந்து, விஜயதசமி மரியாதைக்கு ஸ்வீட் டப்பாவோடு வந்தாள். வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே, “பட்டாபி, டீ இருக்கா?” என்றாள்.

‘தா’ காணோம். நான் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் கவனித்த மாதிரியே இல்லை. “அக்கா, டீ இருக்கா?” என்று என்னிடம் திருப்பிக் கேட்டான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இது இவனுக்குப் பழகி ரொம்ப நாளாகிவிட்டது.

நவம்பரில் இரண்டு பேருமாக என் எதிரில் உட்கார்ந்தார்கள். பட்டாபி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசினது அவள்தான்.

“அக்கா, மைதானத்துலயே ஒரு ஷெட் போட்டுக் குடுத்துடறேன். பட்டறையை அங்க மாத்திருவோம். கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணிக்கறதாவும் யோசனை. உங்களைக் கேக்காம செய்ய மாட்டோம்.”

“கேட்டா மட்டும்?”

“நீங்களும் வந்துருங்க. தெக்கு ஜன்னல் வெச்ச ரூம் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. உங்களுக்குக் காத்து வேணும்ல.”

“காய்கறி?”

“பாஜார் பத்து நிமிஷம், டோட்டோ ரிக்‌ஷால ஏறினா.”

“கோயில்?”

“கோயில் இல்லக்கா. நான் இருக்கேன்ல,” என்று சிரித்தாள். பட்டாபியும் சிரித்தான்.

நல்ல பெண். எனக்கு அதில் சந்தேகம் இருந்ததே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அறை நிஜமாகவே காற்றோட்டமான அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டினாள். சுண்ணாம்பு அடித்து, ஒரு பிரம்பு மோடா போட்டு வைத்திருந்தாள். போய் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மோடாவில் உட்கார்ந்து காற்று வாங்குவதைத் தவிர அங்கே எனக்கு வேறு வேலை இல்லை.

அதுகூடப் பரவாயில்லை என்றுதான் இருந்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். மூட்டை கட்டுவதற்கு அட்டைப்பெட்டிகூடக் கேட்டு வைத்திருந்தேன்.

டிசம்பர் முதல் வாரம். நான் உள்ளே சாத்தமுதுக்குத் தாளித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். பட்டறையில் அவர்கள் இருவரும். கரண்டியோடு எட்டிப் பார்க்கிறேன். பட்டாபி குனிந்த தலை நிமிராமல் இடது கையைப் பின்னால் நீட்டினான். கவிதா மேஜையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“என்ன?”

“மஞ்சள்.”

அவன் மாட்டினான்.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் இதற்கு மேல் ஏதாவது இருக்கும் என்று பார்க்கிறீர்கள். இல்லை.

ஸ்பிரிங் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மார்க்கருக்கு மூன்று ஸ்பிரிங் வரும், அதில் ஒன்றைத்தான் போடுவோம், நீளம் சுற்றளவு எல்லாம் ஒன்றே. நுனியில் ஒரு பொட்டுச் சாயம்தான் அடையாளம். பச்சை இளசு, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு முரடு. சிவப்பைப் போட்டால் உருண்டை பாய்ந்துகொண்டு போகும். மைதானங்களில் அதை யாரும் போடுவதில்லை. கவிதாவின் மைதானத்தில் வினாடிக்கு இருநூற்று எண்பது அடி, அதற்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. அவள் அதில் கறார். எல்லா மார்க்கரையும் வாசலிலேயே வேகம் அளக்கும் பெட்டிக்கு எதிரில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். க்ரோனோ என்போம்.

அவளுக்கென்று ஒரு மார்க்கரை அந்த மாதம் பட்டாபி புதிதாகக் கட்டினான். உடம்பு ஒரு மூட்டையிலிருந்து, குழாய் ஒரு மூட்டையிலிருந்து, விசை இன்னொன்றிலிருந்து. ஒவ்வொன்றையும் நான்தான் பொறுக்கினேன். மூன்று வாரம். கூறைப்புடவை எடுக்கிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்தான். “இது கல்யாணச் சீரா?” என்றுகூடக் கேட்டேன். “போக்கா” என்றான். ஐம்பத்தேழு வயதில் அவனுக்கு வெட்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை, வளையம் அளந்த பிறகு, கையைப் பின்னால் நீட்டினான். வைத்தேன்.

“என்ன?”

“பச்சை.”

மாட்டினான். அது சிவப்பு.

பிறகு எங்கள் க்ரோனோவின் எதிரில் வைத்து மூன்று தடவை சுட்டான். பெட்டி என் மேஜையில் இருக்கும், நம்பரை நான் படிப்பேன், அவன் சாவியைத் திருப்பிக் கூட்டிக் குறைப்பான். அதுவும் வழக்கம்தான்.

“எவ்வளவுக்கா?”

“இருநூத்தி எழுபத்தாறு.”

“சத்தம் கொஞ்சம் தடியா இருக்கே.”

“குழாய் வேறேடா. போன தடவை குட்டைக் குழாய்.”

“அதுவும் சரிதான். அடுத்தது?”

“எழுபத்தெட்டு.”

“கிளி மாதிரி நிக்கறது பாரு,” என்று அதைத் தட்டிக்கொடுத்தான். பெட்டியில் மூன்று தடவையும் முந்நூற்று நாற்பதுக்கு மேல்.

ஒரு புகார் வரட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் நினைப்பு. பட்டாபி கட்டிய மார்க்கர் சரியில்லை என்று அவள் முகம் சுளிக்க வேண்டும். அக்கா பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த மனுஷனுக்கு வேலை ஓடாது என்று தெரிய வேண்டும். நியாயமான எண்ணம்தானே? வாசலில் க்ரோனோவில் வைத்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்குமே என்கிறீர்கள். வெளிப்பட்டிருக்கும். ஆனால் அவளுடைய க்ரோனோ அப்போது எங்களிடம் இருந்தது. பாட்டரி உட்காரும் செப்புத் தகடு துருப்பிடித்து, ரிப்பேருக்கு வந்திருந்தது. அவள் போனில் கேட்டாள்.

“அக்கா, க்ரோனோ ஆச்சா? ஞாயித்துக்கிழமை முப்பது பேர் ஆபீஸ் பார்ட்டி.”

“தகடு இன்னும் வரலைம்மா.”

“சரி, பட்டாபி பார்த்து அனுப்பினா எனக்குப் போதும். அவரை நம்பாம யாரை நம்பறது?”

தகடு புதன்கிழமையே வந்து என் டிராயரில் இருந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் வேண்டுமானால் குடித்துவிட்டு வாருங்கள். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

போணி என்று சொல்லுகிறோமே, வங்காளிகள் பவுனி என்பார்கள், அன்றைக்கு முதல் வியாபாரம். கவிதா அதைத் தன் மைதானத்துக்கு ஒரு வழக்கமாக வைத்திருந்தாள். புது மார்க்கர் வந்தால் அதன் முதல் உருண்டை அவள் மேல்தான். முகமூடியை மாட்டிக்கொண்டு பத்து கஜம் தள்ளி நிற்பாள். ஆட வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, சரியாகக் கண்ணாடியின் மேல் அடிக்கச் சொல்லுவாள். சாயம் வழிய வழிய அவர்களிடம் திரும்பி, “பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை. இதைப் போட்டிருக்கிற வரைக்கும் கண்ணுக்கு ஆபத்தில்லை. உள்ளே எவன் கழட்டினாலும் வெளியே அனுப்பிடுவேன்” என்று வங்காளத்தில் ஒரு அதட்டல் போடுவாள். நூறு தடவை சொல்வதைவிட இது மண்டையில் ஏறும் என்பாள். உண்மைதான். அவள் மைதானத்தில் அதுவரை ஒருவருக்கும் கண்ணில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்த வாரம் அவளுடைய முகமூடியும் எங்களிடம்தான் இருந்தது. கண்ணாடி கீறலாகிவிட்டது, புதுசு மாற்றிக் கொடுங்கள் என்று அனுப்பியிருந்தாள். இந்தக் கண்ணாடியில் இரண்டு வகை. ஒன்று உருண்டை ஆட்டத்துக்கு. இன்னொன்று குழந்தைகள் ஆடும் பஞ்சுக் குண்டு ஆட்டத்துக்கு, பொம்மை முகமூடிக்கு. ஒரே அச்சு, ஒரே கொக்கி, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். விளிம்பை நகத்தால் தடவினால் பருமனில் வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரியும், பட்டாபிக்கு அவ்வளவு நுணுக்கம் போதாது. மூட்டையில் பொம்மைக் கண்ணாடி கலந்து வந்தால் தனியே எடுத்து, ‘வேண்டாதது’ என்று சீட்டு ஒட்டிய டப்பாவில் போட்டுவிடுவேன். தப்பித் தவறி யார் கண்ணுக்கும் அது போய்விடக் கூடாது என்று.

சனிக்கிழமை காலை அந்த டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து அவள் முகமூடியில் மாட்டினேன். மெல்லிய துணியால் துடைத்தேன்.

உடைந்த துண்டுகள் ஸ்டேஷனில் ஒரு பையில் இருக்கின்றன. வேகம் தாங்காமல் உடைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். யாரும் விளிம்பைத் தடவிப் பார்க்கவில்லை. நீங்கள் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். புளியோதரை எடுத்துக்கொண்டு போனேன், எல்லாருக்குமாக. ஆபீஸ் கூட்டம் வட்டமாக நின்றது. கவிதா முகமூடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, “அக்கா போட்டுக் குடுத்த கண்ணாடி, பளிச்சுனு இருக்கு பாருங்க” என்றாள். பட்டாபி பத்து கஜத்தில் நின்றான்.

“அடிக்கட்டுமா?”

“அடிங்க பட்டாபி. சொந்தக் கையால செஞ்சதுக்கே இவ்வளவு பயமா?”

“பயமில்லே, குழாய் கனக்கறது.”

“அப்ப ரெண்டு கையாலயும் புடிங்க,” என்றாள். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

ஒரே ஒரு உருண்டை, மஞ்சள் சாயம். அப்பளம் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தாள். “பட்டாபி, எனக்கு எல்லாம் மஞ்சளா இருக்கு,” என்றாள். அதையே வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டாபி ஓடினான். அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். புளியோதரை டப்பாவை மூடினேன். தூசி விழுந்துகொண்டிருந்தது.

வலது கண். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பார்த்துவிட்டு, இனிமேல் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் போலீஸ், மார்க்கரைப் பிரித்துப் பார்க்க உத்தமன் என்று இன்னொரு மைதானக்காரனைக் கூட்டிவந்தது. அவன்தான் சிவப்பு ஸ்பிரிங் என்று சொன்னது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டாபி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் மூன்று நாள் தாடி.

“அக்கா, நீ பச்சைன்னுதானே சொன்னே?”

“எப்போடா?”

“ஸ்பிரிங் குடுக்கறச்சே.”

“நான் எங்கேடா குடுத்தேன்? நான் குக்கரை அணைக்க உள்ளே போயிருந்தேனே. நீயே டப்பாவிலேர்ந்து எடுத்துண்டே. நான் வரச்சே மூடியாச்சு.”

“நானா எடுத்தேன்?”

“நீதான்.”

“நம்பர் சரியாத்தானே இருந்துது?”

“பெட்டி காட்டினதைப் படிச்சேன். பெட்டி கோளாறோ என்னமோ.”

தன் ஞாபகத்தையும் என் வார்த்தையையும் வைத்து நிறுத்துப் பார்த்திருப்பான். நாற்பத்துநாலு வருஷமாக என் வார்த்தைதான் சரியாக இருந்திருக்கிறது. எழுந்து நேராக எஸ்.ஐ.யிடம் போனான். “எனக்கு சிவப்பும் பச்சையும் தெரியாது ஸார், நான்தான் தப்பா எடுத்துட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்தக் காகிதம் உங்கள் கேஸ் கட்டுக்குள்தான் இருக்கிறது. அவனை ஜாமீனில் எடுத்ததும் நீங்கள்தான்.

அவன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன். பட்டறையை மூடிவிட்டாலும் என் பென்ஷன் இருக்கிறது. இரண்டு பேருக்குப் போதும். அவன் பேசாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குப் போதும்.

கவிதா அதையும் நடக்கவிடவில்லை. கண் கட்டைப் பிரித்த மறுநாளே ஆள் அனுப்பினாள். “பட்டாபி வேணும்னா செஞ்சாரு? கேஸ் எதுக்கு? அவரை வந்து பார்க்கச் சொல்லுங்க, சாப்பிடாம கெடக்கப் போறாரு” என்றாளாம். போனான். ராத்தங்காமல் வந்தான், மறுபடி போனான். ஜனவரி முடிவதற்குள் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்ட ஆரம்பித்துவிட்டான். நான் கேட்டு வைத்திருந்த அதே பெட்டிகள்.

“எதுக்குடா அங்கே?”

“அவ கண்ணை நான் எடுத்தேன்க்கா. இனிமே அவளுக்கு நான்தான் பார்க்கணும். இதுலே யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?”

யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு ஒரு குற்ற உணர்ச்சி. அதுதான் அவனை இழுத்துக்கொண்டு போகிறது. குற்றம் அவனுடையது இல்லை என்று தெரிந்துவிட்டால், அவன் அங்கே போயாக வேண்டிய காரணமே இல்லை. கேஸும் அவன் மேலிருந்து போய்விடும். இது எனக்குத் தோன்ற இரண்டு மாதம் ஆகியிருக்கிறது, வயசாகிவிட்டது.

இதைச் சொன்னால் நான் உள்ளே போக நேரும் என்று நீங்கள் ஆரம்பத்திலேயே எச்சரித்தீர்கள். தெரியும். அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். என் தம்பியைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன். யாருக்கும் கெடுதல் நினைத்து எனக்குப் பழக்கமில்லை.

ஸ்பிரிங்கைக் கொடுத்தது நான். நம்பரைப் பொய் சொன்னது நான். தகடு வரவில்லை என்று சொன்னது நான். பொம்மைக் கண்ணாடியை, பொம்மைக் கண்ணாடி என்று தெரிந்தே, அவள் முகத்துக்குப் போகும் என்று தெரிந்தே மாட்டியதும் நான். இதைச் சட்டப்படி எப்படி எழுத வேண்டுமோ எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவனிடமும் சொல்லிவிட்டேன். இன்று காலை, இங்கே வருவதற்கு முன்னால். கடைசிப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இப்போது உங்களிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டான். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“கண்ணாடியுமா?”

“கண்ணாடியும்தான்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டான். நான் வாசல் வரைக்கும் பின்னாலேயே போனேன். முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியவில்லை. படியில் நின்றுகொண்டு சொன்னேன்.

“எங்கேடா போறே? அதான் உன் மேலே தப்பே இல்லைன்னு சொல்லிட்டேனே. அவளுக்கு இன்னும் ஒரு கண் இருக்குடா பட்டாபி. எனக்கு யாருடா இருக்கா?”